கைதட்டாத வகுப்பு

பக்கத்து வட்டாரத்தில் ஏதோ ஒரு பள்ளியில் பையன்கள் மண்டையை உடைத்துக்கொண்ட வாரம், எங்கள் பள்ளிக்கும் ஓர் உத்தரவு வந்தது. அகிம்சை, சகிப்புத்தன்மை, மக்களாட்சி இந்த மூன்றையும் பற்றி வாரம் ஒரு வகுப்பு எடுக்க வேண்டும். ஆசிரியர் அறையில் தலைமையாசிரியர் அதை வாசித்தபோது எல்லோரும் அவரவர் டீ டம்ளருக்குள் எதையோ தேடினார்கள். நான் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அதுவே போதுமானதாக இருந்தது.

"ஏம்மா, நீங்கதான் சுறுசுறுப்பா இருக்கிய. ஒன்பதாம் வகுப்பு. வெள்ளிக்கிழமை கடைசி பீரியட். எடுத்துக்கிடுங்க" என்றார்.

"கடைசி பீரியடா சார்? பிள்ளைங்க தூங்கிடுவாங்களே."

"தூங்கினா அகிம்சைதானம்மா, வேறென்ன?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம். பி.எட். முடித்த கையோடு தற்காலிக ஆசிரியையாக வந்திருந்தேன். சமூக அறிவியல். கல்லூரியில் நான் போகாத பேச்சுப் போட்டி கிடையாது, பாதிப் பரிசு இந்த மூன்று தலைப்புகளில்தான். தினமும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்து, சேரன்மகாதேவி தாண்டி, வயல்களுக்கு நடுவே இறங்கி நடக்கும் அந்த ஊரில் நான் செய்யவேண்டியது இதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் சாதிப் பேச்சே கிடையாது என்று அப்போதெல்லாம் பெருமையாகச் சொல்லுவேன். அப்பா அரசு அலுவலகம், அம்மா ஆசிரியை, தெரு முழுக்க எங்களைப் போன்றவர்கள். பேசவேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை என்பது இந்தப் பள்ளிக்கு வந்த பிறகுதான் கொஞ்சம் உறைத்தது.

ஊரின் நடுவே ஆற்றிலிருந்து பிரியும் கால்வாய் ஓடுகிறது. பள்ளிக்கூடம் இக்கரையில். வகுப்பில் பாதிப் பிள்ளைகள் இக்கரை, பாதிப் பேர் சின்னப் பாலம் தாண்டி அக்கரை. இக்கரை என்றால் என்ன, அக்கரை என்றால் என்ன என்று எல்லோருக்கும் தெரியும், ஒருவரும் வாயால் சொல்லமாட்டார்கள். காலையில் தலைமையாசிரியர் கத்தரிக்கோலோடு வாசலில் நின்று பையன்களின் மணிக்கட்டில் இருக்கும் வண்ணக் கயிறுகளை வெட்டுவார். மாலையில் வாசலைத் தாண்டியதும் பையிலிருந்து புதுக் கயிறு வெளியே வரும். மறுநாள் மறுபடியும் கத்தரிக்கோல். இரண்டு தரப்புக்கும் அதில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. பல் தேய்ப்பது மாதிரி அதுவும் ஒன்று.

முதல் வெள்ளிக்கிழமை நான் கரும்பலகையில் ஒரே ஒரு கேள்வி எழுதினேன்: சண்டை எப்படித் தொடங்குகிறது? தூங்குவார்கள் என்று நினைத்த வகுப்பு எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"சைக்கிள்ல காத்தப் பிடுங்கி விட்டா டீச்சர்."

"ஸ்டேட்டஸ் வச்சா. அதுலயும் பாட்டோட வச்சா."

"நம்மள உத்துப் பாத்தா."

"பாக்காமப் போனாலும் வரும் டீச்சர். திமிருல போறான்னு."

"அப்போ எப்படித்தான் போறது?" என்றேன்.

"போன் பாத்துக்கிட்டே போயிரணும்" என்றான் கடைசி பெஞ்சிலிருந்து உயரமான ஒரு பையன். அக்கரைக்காரன். வகுப்பே அதிர்ந்து சிரித்தது. இக்கரையும் சிரித்தது. ஆகா, முதல் நாளே இரண்டு கரையையும் சேர்த்துச் சிரிக்க வைத்துவிட்டோம் என்று நான் பஸ்ஸில் அம்பாசமுத்திரம் ஆட்களின் கூடைகளுக்கு நடுவில் நின்றபடியே எனக்குள் மெச்சிக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் சகிப்புத்தன்மை. அதற்கு விளக்கம் சொல்லி முடித்ததும் இரண்டாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்தாள்.

"டீச்சர், சகிச்சுக்கிடுறதுன்னா பிடிக்கலைன்னாலும் பொறுத்துக்கிடுறதுதானே?"

"ஆமா."

"அப்ப பிடிக்கலைங்கிறது அப்படியே இருக்கலாமா?"

நான் ஏதோ சொன்னேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை, அவ்வளவு மோசமான பதிலாக இருந்திருக்கவேண்டும். அவள் "சரி டீச்சர்" என்று உட்கார்ந்த விதத்தில், பாவம் இவர்களுக்கும் தெரியவில்லை என்ற பரிவு இருந்தது.

அந்தப் பெண் இக்கரையும் இல்லை, அக்கரையும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் தையல் கடை வைத்திருக்கும் முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஊரில் அப்படி இரண்டு மூன்று குடும்பங்கள்தான். இரண்டு கரைப் பிள்ளைகளின் சீருடையும் அவள் வாப்பாவின் மிஷினில்தான் தைக்கப்படும். அவளோடு இரண்டு கரையும் பேசும். அவளிடம் கணக்குக் கேட்கும், அறிவியல் படம் வரைந்து வாங்கிக்கொள்ளும். அவ்வளவுதான்.

மூன்றாவது வாரம் மக்களாட்சி. "அடுத்த வெள்ளிக்கிழமை நம்ம வகுப்புக்குத் தேர்தல்! கிளாஸ் லீடரை நீங்களே ரகசிய ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கப் போறீங்க" என்று கையை உயர்த்தி அறிவித்தேன். கூச்சல் எழும் என்று எதிர்பார்த்தேன். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முன்பெஞ்சில் கண்ணாடி போட்ட பையன், இக்கரைக்காரன், போன வருடத்து லீடர், பொறுமையாக எழுந்தான்.

"தேர்தல்லாம் வேண்டாம் டீச்சர். இந்த வருஷம் அக்கரை முறை."

"என்ன முறை?"

அப்புறம் நாலைந்து பேர் மாறி மாறி விளக்கினார்கள். ஆறாம் வகுப்பில் லீடர் யார் என்று பெரிய அடிதடி. கண்ணாடிப் பையன் உதட்டைத் தூக்கி ஓட்டைப் பல்லைக் காட்டினான். உடைத்தவன் உயரமானவன்தான், அவன் தலையைச் சொறிந்துகொண்டு சிரித்தான். அதன் பிறகு அவர்களே பேசி வைத்துக்கொண்டார்கள்: ஒரு வருடம் இக்கரை, ஒரு வருடம் அக்கரை.

"யார் சொல்லிக் கொடுத்தா இதை?"

"யாரும் சொல்லல டீச்சர். வயலுக்கு அப்படித்தானே விடுதாங்க. தண்ணி கொறைஞ்சா முறை வச்சிருவாங்க. அவிய மடை தொறந்திருந்தா நம்ம மடை அடைச்சிருக்கணும். நம்ம முறை வந்தா அவிய அடைச்சிருவாவ."

"அதுக்கப்புறம் சண்டையே வரலையா?"

"லீடருக்காக வரல" என்றான் உயரமானவன். "மத்ததுக்கு வந்துச்சு."

பன்னிரண்டு வயதில் யாரும் சொல்லாமல் கால்வாயைப் பார்த்துச் சமாதானத்தைக் கண்டுபிடித்திருக்கிறார்கள்! இவர்களுக்கு நான் என்ன கற்றுக்கொடுப்பது? மேலே சொல்ல வாய் திறந்தபோது, இரண்டாவது பெஞ்சிலிருந்து அந்தக் குரல் வந்தது.

"எங்க முறை எப்ப வரும்?"

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு யாரோ சொன்னான்: "உனக்கு வயலே இல்லியேட்டி."

வகுப்பு மறுபடியும் சேர்ந்து சிரித்தது. இரண்டு கரையும்தான். இந்த முறை எனக்குப் பெருமையாக இல்லை.

அவள் சிரிப்பு அடங்கும்வரை நின்றாள். "நான் நிக்கேன் டீச்சர். ஓட்டு வைங்க."

ஏன் நிற்கிறாள் என்று வகுப்பு முடிந்ததும் கேட்டேன். மக்களாட்சி என்பாள் என்று நினைத்தேன். "பந்து" என்றாள். விளையாட்டுச் சாமான் அலமாரியின் சாவி கிளாஸ் லீடரிடம்தான் இருக்கும். உள்ளே ஒரு த்ரோபால் இருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து அதைப் பெண் பிள்ளைகள் தொட்டதே இல்லை. இக்கரை முறையில் இக்கரைப் பையன்கள் எடுத்துப் போவார்கள், அக்கரை முறையில் அக்கரைப் பையன்கள். பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். "பேசிப் பேசி எங்களுக்குப் பேச்சே தீந்துபோச்சு டீச்சர்" என்றாள்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் மேசைக் கண்ணாடியைத் துடைத்தார்.

"தேர்தல் நடத்தக்கூடாதுன்னு நான் சொல்ல முடியாது. உத்தரவே அதுதான். ஆனா ஒண்ணு, இந்த ஒரு விஷயத்துலதான் அந்தப் பயலுவ அடிச்சுக்கிடாம இருக்கானுவ. அதையும் கெளறி விட்டுராதீங்க. பைய போங்கம்மா."

"அந்தப் பிள்ளைக்கு முறையே கிடையாதே சார்?"

"கிடையாதுதான்" என்றார். "எனக்கும் அது தெரியுது. தெரிஞ்சு என்ன செய்ய?" அவர் உண்மையிலேயே என்னைத்தான் கேட்டார் என்று தோன்றியது.

அடுத்த வாரம் நடந்ததுதான் என்னை முழுக்கக் குழப்பியது. மதியச் சாப்பாட்டின்போது எப்போதும் தனித்தனிச் சுவரோரம் உட்காரும் இரண்டு கரைப் பையன்களும் ஒரே வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஓட்டைப் பல்லும் உடைத்தவனும் ஒரே டப்பாவிலிருந்து எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டிருந்தார்கள். நான் பாத்திரம் கழுவப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன்.

"என்னடா இது அதிசயமா?"

"கூட்டணி டீச்சர்" என்றான் கண்ணாடி. "எங்க ரெண்டு பக்கத்து ஓட்டும் இவனுக்குத்தான். முறைப்படி."

"ஏலே, ஊறுகாய வைலே" என்று உயரமானவன் அவன் கையைத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தான். "ஒத்துமையா இருங்கன்னு சொன்னியள்லா டீச்சர்? இருக்கோம்லா."

ஆமாம், சொன்னேன். மூன்று வாரமாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர்கள் அடிக்கவில்லை, யாரையும் திட்டவில்லை. அவளிடம் போய் "நல்லா படிக்கிற பிள்ள, உனக்கு எதுக்கு இந்த வேலை" என்று பரிவாகப் பேசிப் பார்த்தார்கள். அகிம்சை இருந்தது, ஒற்றுமை இருந்தது, பிரசாரம்கூட முறையாக இருந்தது. என் பாடத்தில் இருந்த ஒவ்வொன்றும் இருந்தது. அத்தனையும் சேர்ந்து ஒரே ஒரு பெண்ணை எதிர்த்து நின்றது. இதில் எது தப்பு என்று சொல்ல எனக்கு வார்த்தை கிடைக்கவில்லை. தப்பு என்று மட்டும் தெரிந்தது. இல்லை, அதுவும் நிச்சயமாகத் தெரிந்ததா?

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நின்றபோது தையல் கடையிலிருந்து அவள் வாப்பா கூப்பிட்டார். "டீச்சரம்மா, வெயில்ல நிக்காண்டாம். இப்படி உள்ள வந்து இருங்க." மிஷினை நிறுத்தாமல், ஒரு காக்கி நிறக் கால்சட்டையின் பக்கவாட்டைத் தைத்தபடியே பேசினார்.

"மவ நிக்கப் போறேங்கா."

"நீங்க வேண்டாம்னு சொல்றீங்களா?"

"சொன்னா கேட்டுருவா. அதனாலதான் சொல்லாம இருக்கேன்." தையலின் முனையில் நூலைக் கடித்தார். "ரெண்டு கரைக்கும் நான் பொதுவான ஆளு டீச்சரம்மா. இவன் அந்தப் பக்கம்னு இவங்களும் சொல்லக்கூடாது, இவன் இந்தப் பக்கம்னு அவங்களும் சொல்லக்கூடாது. அப்படி இருந்துதான் இந்தக் கடை ஓடுது. தோத்தா ஒண்ணுமில்ல. சின்னப் பிள்ளைய வெளையாட்டுன்னு போயிரும். ஜெயிச்சுட்டான்னாத்தான் எனக்கு ரோசனை."

"அப்போ நான் என்ன செய்யட்டும்?"

"அது எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் மிஷினு மிதிச்சுக்கிட்டு இருக்கேன்?" என்று சிரித்தார். பஸ் வந்துவிட்டது. நான் ஏறிவிட்டேன். அவள் நிற்க வேண்டும் என்று அவர் சொன்னாரா, நிற்கக்கூடாது என்று சொன்னாரா என்று சேரன்மகாதேவி வரும்வரை யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை தேர்தல் நடந்தது. என் மேசையை மூலைக்கு நகர்த்தி, ஜன்னல் திரைத்துணியை இரண்டு குடைக்கம்பியில் கட்டி ஒரு மறைப்பு செய்திருந்தேன். ஒருவர் எழுதுவது இன்னொருவருக்குத் தெரியாது. மடித்த துண்டுச் சீட்டு, மூடிய சாக்லேட் டப்பா. உயரமானவன் உள்ளே போய் வந்தபோது இரண்டு விரலைக் காட்டி வெற்றிக்குறி போட்டான். பெண் பிள்ளைகள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள், வந்தார்கள். முகத்தில் ஒன்றும் இல்லை. தலையைக் குனிந்தபடி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார்கள். எல்லோருடைய அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் யாராவது ஒருவன் அதே வகுப்பில் இருந்தான். அவர்கள் ஓட்டையெல்லாம் சேர்த்துத்தான் பையன்கள் "எங்க ரெண்டு பக்கத்து ஓட்டு" என்று சொல்லியிருந்தார்கள்.

நானே உரக்க எண்ணினேன். கரும்பலகையில் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். எண்ணி முடித்தபோது தையல்காரர் மகள் மூன்று ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்திருந்தாள்.

நான் குதிக்காத குறை. "உங்க புது லீடர்!" என்று அவளை முன்னால் இழுத்து நிறுத்தினேன். "எல்லாரும் கைதட்டுங்க!"

ஒருவரும் தட்டவில்லை.

பையன்கள் தட்டமாட்டார்கள், அது தெரிந்ததுதான். ஆனால் அவளுக்கு ஓட்டுப் போட்டவர்கள்? வகுப்பில் பாதிக்கு மேல் அவளுக்குப் போட்டிருக்கிறார்களே? நான் மறுபடியும் சொன்னேன். "கைதட்டுங்கப்பா, ஜனநாயகத்துக்காகத் தட்டுங்க!" பெண் பிள்ளைகள் அத்தனை பேரும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேசையில் எதுவும் இல்லை. மின்விசிறி மட்டும் கடகடவென்று ஓடியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான் ஏமாற்றப்பட்டதாகக்கூட ஒரு கணம் நினைத்தேன்.

அவள் என் பக்கம் சாய்ந்து மெதுவாகச் சொன்னாள். "டீச்சர், கைதட்டச் சொல்லாதிய. தட்டினா யாரு போட்டான்னு தெரிஞ்சிரும்."

நான் மறைப்புக் கட்டிக் காப்பாற்றியதை ஒரு கைதட்டலில் அவிழ்த்துவிடப் பார்த்திருக்கிறேன். சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டு மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பை விட்டுவிட்டேன்.

திங்கட்கிழமை நான் பயந்தது வந்தது. அடிதடி இல்லை. அது வந்திருந்தால் என்ன செய்வதென்று எனக்குத் தெரிந்திருக்கும். இது வேறு மாதிரி இருந்தது. இடைவேளையில் பையன்கள் தத்தம் கரைப் பெண் பிள்ளைகளை ஒவ்வொருத்தியாக நிறுத்திக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ போடலைன்னு சத்தியம் பண்ணு."

"போடலை."

"சும்மா சொல்லாத. சுடலை மேல சத்தியம் பண்ணு."

ஊரில் காவல் தெய்வமான சுடலைமாடன்மேல் பொய்ச் சத்தியம் யாரும் செய்யமாட்டார்கள். அந்தப் பெண் பிள்ளைகள் சத்தியம் செய்யாமல் நின்றால் அதுவே பதிலாகிவிடும். எட்டிப் பார்த்தால், ஒருத்தி கண் கலங்கி நின்றாள். ஒருத்தி "கோட்டி பிடிச்சிருக்கால உனக்கு? வீட்டுக்கு வா, அம்மைட்ட சொல்லுதேன்" என்று சமாளித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவளும் சத்தியம் செய்யவில்லை. நான் ஓடிப்போய் "இது ரகசிய ஓட்டு, கேட்கக்கூடாது" என்றேன். "நாங்க ஓட்டப் பத்திக் கேக்கலை டீச்சர். சத்தியம்தான் கேக்கோம்" என்றான் ஒருவன். தலைமையாசிரியரிடம் போகலாமா? போனால் பையன்களின் அப்பாக்கள் வருவார்கள், பிறகு வீடுகளில் என்ன நடக்கும்? மறுதேர்தல் வைத்து அவளைத் தோற்கவைத்துவிட்டால் எல்லாம் அடங்கிவிடுமா? அப்படிக்கூட யோசித்தேன். மக்களாட்சி வகுப்பு எடுத்த நான்தான்.

மதியத்துக்குப் பிறகு வகுப்புக்குள் போனபோது கரும்பலகையின் ஓரத்தில் ஒரு கட்டம் போட்டிருந்தது. எல்லாப் பள்ளிகளிலும் அந்தக் கட்டம் உண்டு. ஆசிரியர் இல்லாதபோது சத்தம் போடுகிறவர்களின் பெயரை லீடர் எழுதி வைப்பது. வழக்கமாக 'பேசியவர்கள்' என்று தலைப்பு இருக்கும். இதில் 'சத்தியம் கேட்டவர்கள்' என்று இருந்தது. கீழே வரிசையாக ஏழெட்டுப் பெயர். முதல் பெயர் உயரமானவனுடையது.

"டீச்சர், இது அநியாயம்!" என்று எழுந்தான். "பேசினாத்தான் பேரு எழுதணும். இதுக்கெல்லாம் எழுதலாமா?"

"கேக்கும்போது பேசித்தானே கேட்ட?" என்றாள் அவள்.

பின்பெஞ்சில் யாரோ "மாட்டுனான்லே" என்றான். பெயர் எழுதப்பட்டால் மறுநாள் வகுப்பைப் பெருக்கவேண்டும், அது அவர்களே வைத்திருந்த சட்டம். இரண்டு கரைப் பையன்களும் அடுத்த நாள் சேர்ந்து பெருக்கினார்கள். சத்தியம் கேட்பது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொல்லமாட்டேன். குறைந்தது.

"முறையே கெட்டுப் போச்சு" என்று கண்ணாடிப் பையன் துடைப்பத்தோடு நின்று சொன்னான். அவனுக்கு நிஜமாகவே வருத்தம்.

"கெடலை" என்றாள் அவள். "நடுவுல ஒரு மடை கூடியிருக்கு. அடுத்த வருஷம் அக்கரை, அதுக்கடுத்து இக்கரை. நான் ஒண்ணும் சாவிய வீட்டுக்குக் கொண்டு போகலை."

நான் முறையை மீறித்தான் தேர்தல் வைத்தேன். ஜெயித்தவளோ முறைக்குள் ஓர் இடம் கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு மக்களாட்சி புரிந்திருக்கிறது என்ற கேள்வியை அப்படியே மடித்து வைத்தேன்.

புதன்கிழமை விளையாட்டு பீரியட். அவள் அலமாரியைத் திறந்து பந்தை எடுத்து, மேலிருந்த மண்ணைத் தட்டினாள். பையன்கள் சுவரோரம் கை கட்டி நின்று பார்த்தார்கள். யாரெல்லாம் விளையாடப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் நின்றார்கள். போகிறவள் ஓட்டுப் போட்டவள். பெண் பிள்ளைகள் வேப்பமரத்தடியைவிட்டு நகரவில்லை. ஜெயித்தும் தனியாகப் பந்தைச் சுவரில் எறிந்துகொண்டிருக்கப் போகிறாள் என்று நினைத்தேன். நானாவது இறங்கி விளையாடலாமா என்று செருப்பைக் கழற்றக்கூடப் போனேன்.

அவள் மைதானத்தின் நடுவில் நின்று மரத்தைப் பார்த்துக் கத்தினாள். "ஏட்டி, எல்லாரும் வாங்க! லீடர் சொல்லுதேன். இங்கன வராதவ பேரை போர்டுல எழுதிருவேன்! பொறவு பெருக்கச் சொல்லுதான்னு அழக்கூடாது!"

"ஐயோ, இவ தொல்ல தாங்க முடியலையே" என்று ஒருத்தி பையன்களுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்லிக்கொண்டு எழுந்தாள். "பெரிய கலெக்டரு" என்று இன்னொருத்தி. "சவம், வெயில்ல போட்டு வதைக்கா." திட்டிக்கொண்டே, முணுமுணுத்துக்கொண்டே, துப்பட்டாவை இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொண்டே ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திட்டு எது, சிரிப்பு எது என்று பிரிக்க முடியவில்லை. பந்து பறந்தது.

உயரமானவன் என் பக்கத்தில் வந்து நின்றான். "டீச்சர், கட்டாயப்படுத்தினா அது சர்வாதிகாரம்னு சொன்னியள்லா? இது என்னதாம்?"

"சொன்னேன்" என்றேன்.

"அப்ப கேக்க மாட்டியளா?"

பீரியட் முடிந்ததும் கேட்டேன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "இப்படி மிரட்டி வரவைக்கலாமா? விருப்பப்பட்டவங்க வரட்டும்னு விடவேண்டாமா?"

வேர்வையைத் தோளில் துடைத்தாள். "விருப்பப்பட்டவங்க வரட்டும்னா ஒருத்தியும் வரமாட்டா டீச்சர். எல்லாருக்கும் விருப்பம்தான்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

"ஓட்டுப் போட்டாங்கள்லா" என்றாள், இதுகூடவா தெரியாது என்பதுபோல்.

ஓடிவிட்டாள். மறுநாள் பஸ் நிறுத்தத்தில் அவள் வாப்பா மிஷினை நிறுத்திவிட்டு என்னைக் கேட்டார். "பள்ளிக்கூடத்துல என்ன நடக்கு டீச்சரம்மா? ரெண்டு கரையிலருந்தும் பொம்பளப் பிள்ளைய வருது. கையைத் தூக்கினா சட்டை பிடிக்கு, கொஞ்சம் இளக்கித் தைச்சுக் குடுங்கங்கு."

"பந்து எறியுறாங்க" என்றேன்.

"எல்லாருமா?"

"எல்லாரும்" என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஒருத்தி வரவில்லை. அக்கரைப் பெண், உயரமானவனின் சித்தப்பா மகள். பீரியட் முழுக்க வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டிருந்தாள். பஸ் முழுக்க அவள் நினைவாகவே இருந்தது. எல்லோரையும் இழுத்துப் போட்ட ஓர் உத்தரவை மறுத்து உட்கார்ந்தவள் அவள் ஒருத்திதான். நான் சொல்லிக் கொடுத்ததை உண்மையிலேயே செய்தவள் அவளோ? அவளுக்கு இந்தப் பந்தும் வேண்டாம், இந்த லீடரும் வேண்டாம். அந்த உரிமை அவளுக்கு இருக்கிறதா, இல்லையா?

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு இடைவேளையிலேயே வகுப்புக்குப் போனேன். கரும்பலகைக் கட்டத்தில் 'வராதவர்' என்று போட்டு அழகான கையெழுத்தில் அவள் பெயர் மட்டும். மேலே ஒரு பூகூட வரைந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது. டஸ்டரை எடுத்தேன்.

"அழிக்காதீங்க டீச்சர்."

மரத்தடியில் உட்கார்ந்தவள்தான். வகுப்பின் மூலையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா? உனக்கு விருப்பம் இல்லாதப்போ உன் பேரை எழுதுறது தப்பு. நான் அவகிட்டப் பேசுறேன்."

"நான்தான் அவள எழுதச் சொன்னேன்." சோற்றைப் பிசைந்தபடியே, வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். "எங்க அண்ணன் வீட்டுல போய்ச் சொல்லணும்லா. அவ போகலை, பேரு போர்டுல இருக்குன்னு. எங்க வீட்டுல மத்த வீடு மாதிரி இல்ல டீச்சர். சத்தியம் கேட்டா விடமாட்டாங்க."

"அப்போ நீயும்..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அவள் பூ போட்ட தன் பெயரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி சோற்றைப் பிசைந்தாள்.

அப்படியானால் மற்றவர்கள்? மிரட்டல், முணுமுணுப்பு, சவம் என்ற திட்டு, இதெல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததா? பேச்சே தீர்ந்துபோச்சு என்றாளே தையல்காரர் மகள், வேப்பமரத்தடியில் இதையா பேசினார்கள்? எப்போது? நான் தினமும் அந்த மரத்தைக் கடந்துதான் போய்க்கொண்டிருந்தேன். கேட்கலாம். கேட்டால் அது நான் கேட்கும் சத்தியம் ஆகிவிடும்.

கடைசி பீரியட் மணி அடித்தது. பிள்ளைகள் உள்ளே வந்தார்கள், இக்கரை ஒருபக்கம், அக்கரை ஒருபக்கம், பழையபடி. அன்றைக்குப் பாடம், மறுப்பைத் தெரிவிக்கும் உரிமை. டஸ்டரை மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கட்டத்தைத் தொடாமல் மீதி இருந்த இடத்தில் தலைப்பை எழுதினேன். இடம் போதவில்லை. கடைசி எழுத்துக்களை நெருக்கித்தான் எழுத வேண்டியிருந்தது.